அனீஸின் பெயரை இங்கே கூப்பிடுகிறார்கள்

மகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ சாமான் கட்டத் தொடங்கியிருந்தால், கட்டிய மட்டில் அப்படியே வைத்துவிட்டு முதலில் இதைப் படித்து முடி.

பெருநாள் கழிந்ததும் பேரன் அனீஸையும் கூட்டிக்கொண்டு காட்டுவழி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுவதாகப் போனில் சொன்னாய். "நீங்க பள்ளிவாசல்ல குடுத்த சொல்லுக்காக வாறன் வாப்பா" என்றாய். உன் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபமே இல்லை. அலுத்துப்போனவள் பேசுகிற மாதிரி பேசினாய். உன் பிள்ளைக்காகப் புத்தளத்தில் பள்ளிக்கூட அதிபரோடும் கல்விக் கந்தோர் அதிகாரிகளோடும் மல்லுக்கட்டிய என் மகள் இப்படிப் பேசினால் அதில் ஏதோ பிழை இருக்கிறது. திரும்ப எடுத்துப் பேசலாம் என்றால், இங்கே கடற்கரை மணல்மேட்டில் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே எனக்கு முன்னும் பின்னும் பத்துப் பேர் காத்து நிற்பார்கள். அவர்கள் முன்னால் நான் உண்மையைப் பேசமாட்டேன், வீரம்தான் பேசுவேன். அதனால் எழுதுகிறேன். மருமகனுக்கும் படித்துக் காட்டு. அங்கே நம் அகதி முகாமில் யார் கேட்டாலும் கொடு. இங்கே பள்ளிவாசல் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

உனக்கு இந்த ஊர் நினைவிருக்காது. இந்த மன்னார்க் கரையிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் துரத்திய நாளில் நீ என் தோளில் இருந்தாய். வள்ளத்தில் ஏறும்போது ஒரு செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டாய். கற்பிட்டி போய்ச் சேரும்வரை ஊரைக் கேட்டு நீ அழவில்லை, அந்தச் செருப்பைக் கேட்டுத்தான் அழுதாய். இருபது வருஷத்துக்கு மேல் புத்தளத்தில் உப்பளத்துக் கூலியாக வெயிலில் நின்றபோதெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது இந்தக் கரையைத்தான். சண்டை முடிந்து திரும்பி வந்து பார்த்தால் கரை இருக்கிறது, கடல் இருக்கிறது, ஊரைக் காணவில்லை. வீடிருந்த இடத்தில் என்னைவிட உயரமாக மரம் நிற்கிறது. கிணற்றைத் தேடிப் பிடிக்கவே எங்களுக்கு ஒரு நாள் போனது. காட்டை வெட்டித் தகரமும் கிடுகும் போட்டு ஒவ்வொருவராகக் குந்தினோம். பிறகுதான் விளங்கியது, ஆம்பிளைகள் நாலு பேர் வந்து குந்தினால் அது ஊராகாது என்று. பிள்ளைகள் வர வேண்டும், பிள்ளைகள் வர ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமென்றால் அங்கே படிக்கப் பிள்ளைகள் இருக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள்தான் நாங்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக நான் எத்தனை முகாம் ஏறி இறங்கினேன் என்று நீ அறிவாய். உன் வீட்டிலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டு பக்கத்து வீட்டாருக்குப் பிரசங்கம் செய்தவன் நான். "பிள்ளைகளைக் கொண்டு வாங்க, ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டா நம்மட மண் நமக்கு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது. நீ உள்ளே அனீஸுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதெல்லாம் எனக்குச் சம்மதமாகத்தான் படும், உன் உம்மாவைக் கேட்டுப் பார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இங்குள்ள பள்ளிக்கூட அதிபர் பள்ளிவாசலில் எழும்பி நின்று, பிள்ளைகள் காணாது, இப்படியே போனால் வருஷ முடிவில் மூன்றாவது ஆசிரியர் வரமாட்டார், ஒருவேளை பள்ளிக்கூடத்தையே சிலாவத்துறைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது எழும்பினேன் நான். வேறு யார் எழும்புவார்கள்? "என்ட பேரன் அனீஸ் வருவான். என்ட மகள் குடும்பத்தோட வருவா. நான் கூப்பிட்டா வருவா. நீங்களும் உங்கட பிள்ளைகளக் கூப்பிடுங்க" என்றேன். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. உன்னைக் கேட்காமலே உன் பிள்ளையை எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். முதலாம் வகுப்பில் அவன் வாங்குப் பலகையில் இருந்ததைவிட வாங்குக்குக் கீழே இருந்த நேரம்தான் கூட. எழுதத் தொடங்கிய சொல்லை முடிக்கமாட்டான். பென்சில் எங்கே, புத்தகம் எங்கே, ஒரு செருப்பு எங்கே என்று தினமும் தேடல். டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். காது கேட்கவில்லையோ என்று ஆஸ்பத்திரியில் சோதித்தீர்கள், காது நன்றாகத்தான் இருந்தது. திமிர் என்றார்கள். வளர்த்த விதம் என்றார்கள். இவனை வீட்டில் வைத்திருந்து இரண்டு வருஷம் கழித்துக் கொண்டு வா என்று அந்தப் புத்தளத்து அதிபர் உன்னிடம் சொன்ன நாளில், நீ வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அந்த டொக்டர் பொறுமையாக இருந்து பார்த்துவிட்டுச் சொன்னாராமே: "இவர் கேக்காம இருக்கல்ல. எல்லாத்தையும் ஒரே நேரத்தில கேக்கிறார். ஃபேன் சத்தம், வெளிய போற லொறி, நீங்க பேசுறது, எல்லாம் ஒரே அளவில கேக்குது. எதைப் பிடிக்கிறது எண்டு அவருக்குத் தெரியல." கவனக் குறைபாடு என்று அதற்கு ஒரு பெயரும் சொன்னார். அந்தப் பெயரை நீ வீட்டில் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டப் பார்க்கிறாயா, ஊரில் யாரிடமும் சொல்லாதே என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, "பேர் இல்லாட்டி அடிப்பாங்க வாப்பா. பேர் இருந்தா யோசிப்பாங்க" என்றாய். அன்றைக்கு எனக்கு அது வாய்க்காரத்தனமாகப் பட்டது. இப்போது அதை யார் யாரிடமோ சொல்லித் திரிகிறேன்.

அதிபர் முடியாது என்றதும் நீ விடவில்லை. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் பெற்றோரைப் பிடிக்கிறது, அதே சட்டம் உங்களைப் பிடிக்காதா என்று கேட்டாய். குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பள்ளிக்கூடமும் ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது என்று கல்விக் கந்தோரில் ஒருவர் உனக்குச் சொல்லித் தந்தார். அதைப் பிடித்துக்கொண்டாய். மறுக்கிறதென்றால் எழுத்தில் மறுத்துத் தாருங்கள் என்று அதிபரிடம் கேட்டாய். அவர் எழுதவும் இல்லை, பிறகு மறுக்கவும் இல்லை. உன் பிடிவாதம் உன் உம்மாவின் வழி என்று நான் சொல்வேன், என் வழி என்று அவள் சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பரீதா டீச்சரின் வகுப்பில் அவன் எப்படி மாறினான் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு நாள் அவனைக் கூட்டி வரப் போனபோது வகுப்பு விட நேரமிருந்தது, வாசலில் நின்றேன். யன்னலிலிருந்து தள்ளி முன்வாங்கில் அவனை வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு என்றால் அவனுக்கு இரண்டு, அது முடிந்ததும் எழும்பிப் போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு வந்து இன்னும் இரண்டு. எழும்பித் திரிகிற பிள்ளைக்கு எழும்பித் திரிவதையே வேலையாகக் கொடுத்திருந்தார் அந்த மனுசி. அவனுடைய கண் வெளியே போனால் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். போகிற போக்கில் அவனுடைய மேசையில் விரலால் தட்டிவிட்டுப் போவார். அவன் திரும்பவும் குனிந்து எழுதுவான். அன்றைக்கு அவனுடைய கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுத்து இருந்தது. நான் அதை முகாமில் வீடு வீடாகக் காட்டிவிட்டுத்தான் உன்னிடம் தந்தேன்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் பள்ளிவாசலில் எழும்பி நின்று அவன் வருவான் என்றேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் தகும்.

அதற்கு முன்னரே உங்களுடைய வாக்காளர் பதிவைப் புத்தளத்தில் வெட்டி மன்னாருக்கு மாற்ற வைத்ததும் நான்தான். இங்கே பதிவு இருந்தால்தான் காணிக்கும் வீட்டுக்கும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள், நம் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஒரு காலை இங்கே வைத்தோம், மற்றக் காலைத் தூக்க முடியவில்லை. இப்போது அங்கே உன்னிடம், "உங்கட ஆக்களுக்குத்தான் ஊர் திரும்பக் கிடைச்சிட்டே, இன்னும் ஏன் இங்க இடத்தப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க" என்று கேட்கிறார்கள். அடுத்த வருஷம் வதிவிடத்துக்கு அத்தாட்சி கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னபோது, நான் காற்றுச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்குக் கேட்டது, மகள்.

இங்கே உனக்கென்று ஒரு குடிசை போட்டிருக்கிறோம், எங்களுடையதுக்குப் பக்கத்தில். வீட்டுத் திட்டத்துக்குப் பார்வையிட வருகிற உத்தியோகத்தர் சனம் உண்மையாகக் குடியிருக்கிறதா என்று அடுப்பைத்தான் முதலில் பார்ப்பார். சாம்பல் சூடாக இருந்தால் குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஊரில் பாதிப் பேர் ஆளில்லாத குடிசைகளில் அடுப்பு மூட்டுகிறார்கள். உன் உம்மாவும் தினமும் எங்களுக்குச் சோறாக்கிவிட்டு உன் குடிசைக்குப் போய்த் தேங்காய் மட்டையைப் போட்டு நெருப்பு வைத்துவிட்டு வருவாள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "புகையாவது வந்து இருக்கட்டும்" என்றாள்.

பள்ளிக்கூடம் நம் குடிசையிலிருந்து கூப்பிடு தூரம்தான். தகரக் கூரை, இடுப்பளவு சுவர். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை ஒரே கொட்டிலில் வைத்துப் படிப்பிக்கிறார்கள். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, மற்ற வகுப்பு பாட்டுப் படிக்க, இன்னொன்று அடி வாங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் கேட்கிற பிள்ளையை அந்தக் கொட்டிலுக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் இருந்தபோதுதான், பிள்ளைகளின் வரவு எடுக்க டாப்புக் கூப்பிடும் சத்தத்தில் "முகம்மது அனீஸ்" என்று கேட்டது. உடனே ஒரு பொடியனின் குரல், "வந்திருக்கார் சேர்!"

நான் எழும்பியே விட்டேன். ஒரு கணம் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன். உன் உம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "ஒரு கிழமையாக் கூப்பிடுறாங்க. உங்களுக்கு இப்பத்தான் கேட்டுச்சா?" என்றாள். பதில் சொல்கிறவன் சப்ரான். பின்வீட்டுக் கதீஜாவின் மகன், தகப்பனில்லாத பிள்ளை. யாருடைய பெயரைக் கூப்பிட்டாலும் முந்திக்கொண்டு கத்துவான். முதல் நாள் குறும்புக்குக் கத்தியிருக்கிறான், அதிபருக்கு அது வசதியாகப் போய்விட்டது.

அதிபரிடம் போனேன். கெட்ட மனுசன் இல்லை. தன் சம்பளத்தில் சோக்குக்கட்டி வாங்குகிறவர். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். "பெருநாளோட வந்திருவார்தானே காக்கா. வந்த பிறகு எழுதினா இந்த வருஷக் கணக்குக்குப் பிந்திப்போகும். நீங்க சொன்ன சொல்ல நம்பித்தான் எழுதினேன்" என்றார். நான் அனீஸைப் பற்றிச் சொன்னேன். முன்வாங்கு, சின்னச் சின்னக் கணக்கு, எழும்பி நடக்க ஒரு வேலை, சோதனை எழுதக் கொஞ்சம் கூடுதலாக நேரம், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "சேர்க்கமாட்டேன் எண்டு நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். கொண்டு வாங்க. ஆனா ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில நிக்க என்னட்ட ஆள் இல்ல. ஒரு குழப்படிக்காரனையே என்னால சமாளிக்க ஏலாம இருக்கு." சொல்லிவிட்டுச் சப்ரானைப் பார்த்தார். அவன் வாங்குக்கு மேலே ஏறி நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வரும்போது எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஊரில் எல்லோருக்கும் அனீஸின் பெயர் வேண்டும். ஆசிரியர் வர வேண்டும், பள்ளிக்கூடம் நிலைக்க வேண்டும், வீடு கிடைக்க வேண்டும், காணி நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வேண்டும். பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. இதில் யார் மேலும் எனக்குக் கோபப்பட முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பொய்யை விட்டால் ஊரே போய்விடும் போல இருக்கிறது.

அடுத்த நாள் மன்னாருக்குப் போனேன். கல்விக் கந்தோரில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஒரு மிஸ் இருக்கிறார். வங்காலைப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். என்னை இருத்தி வைத்துத் தண்ணீர் கொடுத்தார். உன் பிள்ளையின் கதையைச் சொன்னேன். சட்டத்தில் என்ன இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள் மிஸ் என்றேன். "சேர்க்க மறுக்கக்கூடாது எண்டு இருக்கு ஐயா. அடிக்கக்கூடாது எண்டு சுற்றறிக்கை இருக்கு. சோதனைக்குக் கூட நேரம் கேக்கலாம், டொக்டரின்ர துண்டோட அதிபர் எழுத வேணும். ஆனா இந்தப் பிள்ளையின்ர குறை பெயர் சொல்லிச் சட்டத்தில இல்லை. இல்லையெண்டும் சொல்லேலாது. கேக்கிற ஆளின்ர வலுவைப் பொறுத்துத்தான்" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். யன்னலுக்கு வெளியே நின்ற தன் மோட்டர்சைக்கிளைப் பார்த்தார். "இந்தக் கரை முழுக்க நான் ஒரு ஆள்தான். வாறன் எண்டு எழுதித் தருவன் ஐயா. எப்ப வாறன் எண்டு எழுத ஏலாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அது சிரிப்பில்லை.

பிறகு போகிற போக்கில், பேரன் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார் என்று கேட்டார். புத்தளத்தில்தான், ஆனால் இங்கேயும் பெயர் கூப்பிடுகிறார்கள் என்று விளையாட்டாகச் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. "ஐயோ ஐயா, ஒரு பிள்ளை ரெண்டு பள்ளிக்கூடத்தில இருக்கேலாது. இங்க சேர்ந்திட்டார் எண்டு காட்டினா அங்க விலகிட்டார் எண்டுதான் எடுப்பினம். அந்த அதிபருக்கு அது போதும். உங்கட மகள் சண்டை பிடிச்சு எடுத்த இடம் போயிடும். அதை முதல்ல நிப்பாட்டுங்கோ" என்றார். பதிவை மாற்றினதற்காக அவனை அங்கே வெளியேற்ற முடியுமா என்று கேட்டேன். "படிச்சுக்கொண்டிருக்கிற பிள்ளையை எடுத்தெறிய ஏலாது. அப்பிடிச் செய்யிறதெண்டால் காரணத்தை எழுத்தில தரச் சொல்லுங்கோ. அவர் இங்க இல்லை எண்டால்தான் அவருக்கு அங்க உரிமை நிக்கும்" என்றார். அந்த வசனத்தை நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் பெருமைக்காகக் கொடுத்த பெயர், தினமும் காலையில் யாரோ ஒரு பொடியன் கத்தக் கத்த, அங்கே அவனுடைய வாங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு திரும்பவும் எழும்பினேன். என் மகள் வரமாட்டாள், அவளுடைய பிள்ளைக்கு அங்கே கிடைக்கிற உதவி இங்கே இல்லை, நான் கொடுத்த சொல்லைத் திருப்பி எடுக்கிறேன், பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். தலைவர்தான் பேசினார்: "உங்கட பேரனுக்கு ஒரு நியாயம், எங்கட பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா காக்கா? நீங்க சொல்லித்தானே நாங்க கொண்டு வந்த?" நியாயமான கேள்வி. முகாமில் என் பிரசங்கத்தைக் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அதிபர் மட்டும் வாசலில் நின்று, "மூணாவது டீச்சர் இனிக் கனவுதான்" என்றார். அதில் கோபம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் சொன்னேன். "சப்ரானும் நம்மட அனீஸ் மாதிரித்தான், பார்த்தீங்களா?" என்று கேட்டாள். உன் குடிசை அடுப்புக்கு மட்டை பொறுக்கிக் கொடுப்பவன் அவன்தானாம். ஒரு கூடை நிரப்பச் சொன்னால் பாதியில் ஓணானைத் துரத்திக்கொண்டு போய்விடுவானாம். இரண்டு மட்டை கொண்டு வா, பிறகு இரண்டு என்று சொன்னால் கூடை நிறையுமாம். அவளுக்கு எந்த டொக்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அனீஸை வளர்த்த கைப்பழக்கம். அவனுக்குத் தகப்பனில்லை, கொழும்புக்குக் கொண்டுபோக ஆளில்லை, அவனுடைய குறைக்குப் பெயருமில்லை. அதனால் அவனைக் குழப்படிக்காரன் என்கிறோம். நானும்தான் சொன்னேன், மேலே எழுதியிருக்கிறேன் பார், குறும்புக்குக் கத்தினான் என்று. அந்த வரியை வெட்டித் திருத்தவில்லை, கிடக்கட்டும்.

ஆகவே மகள், நீ வராதே. சாமானை அவிழ்த்து வை. பதிவைக் காட்டி அவனை விலகச் சொன்னால் வாயால் பேசி வராதே, எழுத்தில் கேள். நீ ஒருமுறை அப்படிக் கேட்டு வென்றவள். தாயாக மட்டும் போய் அழுதால் உனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள், உரிமை கேட்கிறவளாகப் போனால் கதிரை கொடுப்பார்கள். இரண்டுமாகப் போ. அவனுக்குச் சோதனை வரும் வருஷத்துக்கு முன்னமே அந்தக் கூடுதல் நேரத்துக்கு அதிபரை எழுதச் சொல்லு, கடைசி மாதத்தில் ஓடித் திரியாதே. அவனுடைய குறையின் பெயரை வீட்டில் மெதுவாகச் சொல்லாதே. அவன் காது கேட்கிற பிள்ளை, நாம் எதை மெதுவாகச் சொல்கிறோமோ அதை வெட்கம் என்று படித்துக்கொள்வான். உன் குடிசையில் உம்மா இன்னும் அடுப்பு மூட்டுகிறாள். அந்தப் பொய்யை நிப்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. வீடு கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் எங்களோடு ஒரு மூலையில் பாய் போட்டுக்கொள்வீர்கள். அது எப்போதோ, அல்லாஹ்தான் அறிவான். நீ அங்கே அகதி என்ற பெயரோடும் நாங்கள் இங்கே ஆளில்லாத அடுப்போடும் இன்னும் எத்தனை காலம் கிடக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிப் பேசுவதை நேற்றோடு விட்டுவிட்டேன்.

இன்று சனிக்கிழமை, ஆனாலும் வரப்போகிற பெருநாள் விடுமுறைக்கு ஈடாகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். காலையில் வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டாப்புக் கூப்பிட்டார்கள். அனீஸின் பெயர் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அந்த மனுசன். ஆனால் அந்த இடம் வந்ததும் சப்ரான் பழக்கத்தில், "வந்திருக்கார் சேர்!" என்று கத்திவிட்டான். கூப்பிடாத பெயருக்குப் பதில் சொன்னதும் கொட்டில் முழுக்கச் சிரித்தது. பிறகு பிரம்புச் சத்தம் கேட்டது. உன் பிள்ளைக்கு விழ இருந்த அடி அது. வாசலில் இருந்த எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

நான் எழும்பிப் போனேன். அதிபரிடம், திங்கட்கிழமை முதல் சப்ரானுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை, ஊரில் இப்போது என்னோடு பேசுவாரும் இல்லை என்றேன். அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்வாங்கைக் காட்டினார். வயது போனவனைச் சேர்க்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை, மறுக்கச் சொல்லியும் இல்லை. மேசை என்று அங்கே ஒன்றும் கிடையாது, ஒரு பழைய பலகையைக் கல்லில் வைத்துக்கொள்ளலாம். பரீதா டீச்சரிடம் கேட்டு எனக்கு உடனே பதில் போடு மகள். அவர் அனீஸின் மேசையில் எப்படித் தட்டுவார்? ஒரு விரலாலா, இரண்டு விரலாலா? மெதுவாகவா, அவனுக்குக் கேட்கிற மாதிரியா?

வாப்பா